எல்லாம் சூடாகத்தான் போகிறது

தமிழ்நாட்டில் ஒரு வீட்டின் 501-ஆவது யூனிட் மின்சாரத்துக்கு விலை 233 ரூபாயாக இருந்தது. அச்சுப்பிழை ஏதும் இல்லை. 2022 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, இரண்டு மாதத்தில் சரியாக 500 யூனிட் செலவழித்த வீட்டுக்கு முதல் 100 இலவசம். அடுத்த 100-க்கு யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. அதற்கடுத்த 200-க்கு 4.50. கடைசி 100-க்கு 6 ரூபாய். கூட்டினால் 1,725. இன்னும் ஒரே ஒரு யூனிட் கூடுதலாக ஓடிவிட்டால் அந்த வீடு வேறு வரிசைக்குப் போய்விடுகிறது. அங்கே 2.25 என்ற சலுகை கிடையாது. 101-இலிருந்து 400 வரை எல்லாமே 4.50. அந்த 501-ஆவதுக்கு மட்டும் 8 ரூபாய். இப்போது கூட்டிப் பாருங்கள்: 1,958.

விகிதங்கள் அவ்வப்போது மாறும். அதற்கு உங்கள் கடைசி பில்லைப் பார்த்துக்கொள்ளலாம். மேலே போகப் போக விலை ஏறும் இந்தப் படிக்கட்டைப் புரிந்துகொள்வதுதான் முக்கியம். 500 யூனிட்டுக்கு 1,725 என்றால் யூனிட் மூன்றரை ரூபாய்தானே என்று சராசரி போட்டு, 'இதில் என்ன பெரிதாக மிச்சம் பிடிக்கப் போகிறோம்' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. கணக்கு அப்படி வராது. நீங்கள் மிச்சம் பிடிக்கும் யூனிட் எப்போதும் மேல் படியிலிருந்துதான் கழியும். அதனால் ஒரே ஃபேனை மாற்றினாலும் ஒரு வீட்டுக்கு யூனிட்டுக்கு எட்டு ரூபாய் மிச்சம், பக்கத்து வீட்டுக்கு இரண்டேகால் ரூபாய்தான். மொத்தச் செலவே 100 யூனிட்டுக்குள் அடங்கும் வீட்டுக்குக் காசாக ஒன்றும் மிச்சமில்லை. அங்கே மிச்சம் ஆகும் பணம் அரசுடையது. சிக்கன சாதனங்களை அந்த வீடுகளுக்கு அரசே கொடுத்தால் அரசுக்குத்தான் லாபம் என்று எனக்குத் தோன்றுகிறது. அது வேறு கட்டுரை.

சரி, இந்த யூனிட் என்பது எவ்வளவு? 1,000 வாட் சாதனம் ஒரு மணி நேரம் ஓடினால் ஆகும் செலவு. இயற்பியல் கணக்கில் 36 லட்சம் ஜூல். இதைக் கொண்டு தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்தில் இருக்கும் மொட்டை மாடித் தொட்டிக்கு 36,000 லிட்டர் தண்ணீர் ஏற்றலாம். மோட்டாரும் குழாயும் விழுங்கியது போக மூன்றில் ஒரு பங்குதான் தேறும் என்று வைத்துக்கொண்டாலும் 12,000 லிட்டர், ஒரு பெரிய லாரித் தண்ணீர். அதே ஒரு யூனிட்டில் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எவ்வளவு கொதிக்கும்? பதினோரு லிட்டர் சொச்சம். ஒரு குடம்கூட நிறையாது.

தூக்குவது மலிவு, சூடாக்குவது செலவு. வீட்டு மின்சாரத்தைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளலாம்.

கம்பியில் மின்சாரம் பாய்ந்தால் எவ்வளவு சூடு பிறக்கும் என்று 1840-இல் அளந்தவர் இங்கிலாந்தில் மான்செஸ்டரை ஒட்டிய சால்ஃபோர்டில் பிறந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். பேராசிரியர் அல்ல, பீர் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. அவரை அந்தப் பக்கம் இழுத்துச் சென்றதே ஒரு காசுக் கணக்குதான். ஆலையில் இருந்த நீராவி எந்திரத்தை எடுத்துவிட்டு, அப்போது புதிதாக வந்திருந்த மின்மோட்டாரை வைத்தால் லாபமா நஷ்டமா என்று பார்க்கப் போனார். அன்றைய பேட்டரி விலைக்கு மோட்டார் கட்டுப்படியாகவில்லை. ஆனால் வேலை, மின்சாரம், சூடு மூன்றும் ஒன்று மற்றொன்றாக மாறக்கூடியவை, மாறும் விகிதம் எப்போதும் ஒன்றே என்ற பெரிய உண்மை அந்தக் கணக்குகளின் வழியே வெளிவந்தது. ஆற்றலின் அலகுக்கு அவர் பெயர் இருப்பது பொருத்தம்தான்.

ஜூல் சொன்னதை நம் வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். மெயின் சுவிட்சைத் தாண்டி உள்ளே வரும் மின்சாரம் ஏறக்குறைய முழுவதும் கடைசியில் சூடாகவே முடிகிறது. ஃபேன் தள்ளிய காற்று சுவரில் மோதி, தனக்குள்ளேயே உரசி அடங்கும்போது சூடாகிறது. டி.வி.யின் வெளிச்சம் எதிர்ச் சுவரில் விழுந்து உறிஞ்சப்பட்டுச் சூடாகிறது. ஆகவே ஒரு சாதனம் சிக்கனமானதா என்று கேட்பதற்குப் பதிலாக, அது செய்ய வேண்டிய வேலைக்குச் சூடு தேவையா என்று கேட்டுப் பார்க்கலாம். தேவையில்லை என்றால், அதில் பிறக்கும் சூடு முழுக்க நம் காசு.

சூடே வேலையாக இருக்கும் சாதனங்களில் பெரிதாக ஏமாற்ற எதுவும் இல்லை. வாட்டர் ஹீட்டரும் அயர்ன் பாக்ஸும் வாங்கிய மின்சாரத்தை அப்படியே சூடாகத் திருப்பித் தருகின்றன. பதினைந்து லிட்டர் தண்ணீரை முப்பது டிகிரி சூடேற்ற அரை யூனிட் ஆகும். கம்பிச் சுருளால் சூடாக்கும் எந்தக் கம்பெனி ஹீட்டரானாலும் இதற்குக் கீழே கொண்டுவர முடியாது. சுட வைத்ததை ஆறவிடாமல் இருப்பதிலும், தேவைக்கு மேல் சுட வைக்காமல் இருப்பதிலும்தான் மிச்சம். காலையில் போட்ட ஹீட்டரை மாலை வரை அணைக்க மறந்தால், அது தானாக நின்று நின்று ஓடி, தொட்டியின் சுவர் வழியாகக் கசியும் சூட்டுக்கு ஈடு கட்டிக்கொண்டே இருக்கும்.

அடுப்பு விஷயம் கொஞ்சம் சுவாரசியமானது. 14.2 கிலோ சிலிண்டரில் சுமார் 180 யூனிட்டுக்குச் சமமான ஆற்றல் இருக்கிறது. ஆனால் கேஸ் அடுப்பின் தீயில் மூன்றில் ஒரு பங்கு பாத்திரத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போய்விடுகிறது. சமையலறையில் வியர்ப்பது அதனால்தான். இண்டக்‌ஷன் அடுப்பில் சூடு பாத்திரத்தின் அடியிலேயே பிறக்கிறது. அடுப்புக் கண்ணாடிக்குக் கீழே உள்ள காயிலின் காந்தப்புலம் பாத்திரத்தின் இரும்பில் மின்னோட்டத்தைச் சுழலவிடுகிறது. விரயம் குறைவு. கணக்குப் போட்டால் ஒரு சிலிண்டர் செய்யும் சமையலை இண்டக்‌ஷன் 140 யூனிட் அளவில் முடித்துவிடும். லாபமா? உங்கள் மேல் படியின் விலையால் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். 4.50 என்றால் 630 ரூபாய். 8 என்றால் 1,120. ஒரே அடுப்பு ஒரு வீட்டுக்கு லாபம், இன்னொரு வீட்டுக்கு நஷ்டம். அந்த 140 யூனிட்டே உங்களை 500-க்கு மேல் தள்ளிவிடுமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இனி ஃபேனுக்கு வருவோம். வெயில் ஊர்களில் அதிக நேரம் ஓடும் சாதனங்களில் அதுவும் ஒன்று. அதிகம் விரயமாக்குபவற்றிலும் அது ஒன்று.

சாதாரண சீலிங் ஃபேன் ஒரு சிறிய ஏமாற்று வேலையில் ஓடுகிறது. மோட்டார் சுழல வேண்டும் என்றால் அதற்குள் ஒரு காந்தப்புலம் சுழல வேண்டும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் மின்சாரம் காந்தப்புலத்தை முன்னும் பின்னுமாக ஆட்டுமே தவிர, சுழற்றாது. அதனால் உள்ளே இரண்டு காயில் சுற்றுகள் வைக்கிறார்கள். ஒன்றுக்கு மின்சாரம் நேராகப் போகிறது. மற்றொன்றுக்கு ஒரு மின்தேக்கி வழியாக, சற்றே முந்திக்கொண்டு போகிறது. இந்த முன்பின் வித்தியாசத்தால் புலம் சுழலத் தொடங்கிவிடுகிறது. ஃபேன் மெதுவாகச் சுற்றும்போது எலக்ட்ரீஷியன் வந்து 'கண்டன்சர் போயிடுச்சு' என்று மாற்றித் தரும் சின்ன டப்பா இதுதான்.

சுழலும் புலத்தை, இறக்கையோடு சேர்ந்து சுற்றும் ரோட்டார் துரத்துகிறது. ஆனால் எட்டிப் பிடித்துவிடக் கூடாது. இரண்டுக்கும் வேக வித்தியாசம் இருந்தால்தான் ரோட்டாரில் உள்ள அலுமினியத்தில் மின்னோட்டம் தூண்டப்படும். அந்த மின்னோட்டம் இருந்தால்தான் ரோட்டாருக்குக் காந்த சக்தியே வரும். 14 துருவங்கள் கொண்ட ஃபேனில் புலம் நிமிடத்துக்கு 428 தடவை சுற்றும். இறக்கை அதைவிடப் பல சுற்றுகள் குறைவாகத்தான் சுற்றும். பின்தங்குவதுதான் அதன் பிழைப்பு. எவ்வளவு பின்தங்குகிறதோ அந்த அளவுக்கு ரோட்டாரில் சூடு, ஜூல் அளந்த அதே சூடு. காயிலில் ஒரு சூடு, இரும்பில் ஒரு சூடு. 75 வாட் வாங்கும் ஃபேனில் பாதிக்குமேல் இறக்கைக்குப் போவதே இல்லை.

ரோட்டாருக்கு மின்னோட்டத்தைத் தூண்டித்தான் காந்தம் உண்டாக்க வேண்டுமா, நேராகவே நிரந்தரக் காந்தத்தை வைத்துவிட்டால் என்ன? வைக்கலாம். ஆனால் அந்தக் காந்தம் எங்கே நிற்கிறது என்று பார்த்துப் பார்த்து, எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் கொடுப்பது என்று நொடிக்குப் பல தடவை யாராவது முடிவு செய்ய வேண்டும். பழைய டி.சி. மோட்டாரில் இதைக் கார்பன் பிரஷ் செய்தது. தேய்ந்தது, பொறி பறந்தது. 1962-இல் அமெரிக்காவில் வில்சன், டிரிக்கி என்ற இரண்டு பொறியாளர்கள் பிரஷ்ஷை எடுத்துவிட்டு அந்த வேலையை மின்னணுச் சுற்றிடம் கொடுக்கும் வழியை எழுதினார்கள். அதுதான் பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார், கடைகளில் பி.எல்.டி.சி. என்று சொல்லி விற்பது. கம்ப்யூட்டரின் ஹார்ட் டிஸ்க்கும் டிரோனும் இதே வகை மோட்டாரில்தான் சுற்றுகின்றன. மின்னணுச் சில்லு விலை குறைந்து அது வீட்டுக் கூரைக்கு வர அரை நூற்றாண்டு ஆனது. நம் நாட்டில் இந்த முறையில் 35 வாட் சீலிங் ஃபேனை முதலில் சந்தைக்குக் கொண்டுவந்தவர்களில் கோயம்புத்தூரின் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் ஒன்று. 2012-இல் வந்த அந்த ஃபேனின் பெயர் சூப்பர்ஃபேன். பம்ப்செட்டும் கிரைண்டரும் செய்து செய்து மோட்டாரோடு பழகிய ஊர் என்பதால் இதில் ஆச்சரியம் குறைவு.

இப்போது கணக்கு. 75 வாட் ஃபேன் ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 67.5 யூனிட். 30 வாட் ஃபேன் என்றால் 27. ஒரு ஃபேனில் 40 யூனிட் மிச்சம். வீட்டில் மூன்று ஃபேன் இப்படி ஓடுகிறது என்றால் 120 யூனிட். 560 யூனிட் ஆகும் வீடு இதனால் 440-க்கு இறங்கும். 2022 விகிதத்தில் 2,430 ரூபாய் பில் 1,365 ஆகிவிடும். யூனிட் குறைந்தது ஐந்தில் ஒரு பங்குதான். காசு குறைந்தது ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல். படிக்கட்டில் ஒரு படி இறங்கியதன் பலன் இது. எல்லா ஃபேனையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. இரவு முழுவதும் ஓடும் படுக்கையறை ஃபேனை முதலில் மாற்றலாம். விருந்தாளி வந்தால் மட்டும் சுற்றும் ஃபேனை, அது தானாகக் கெடும் வரை அப்படியே விடலாம்.

வேகத்தைக் குறைத்து வைப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. இறக்கையைச் சுற்றத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் தேவை எட்டில் ஒன்றாகிவிடும். ஆனால் பழைய பெட்டி ரெகுலேட்டர் இந்த லாபத்தை நமக்குத் தரவில்லை. உள்ளே ஒரு மின்தடைக் கம்பியை வைத்து, மிச்சமாக வேண்டியதில் ஒரு பகுதியை அங்கேயே எரித்துவிட்டது. அதனால்தான் அது எப்போதும் சுட்டது. இப்போதைய சின்ன ரெகுலேட்டர்கள் அப்படி எரிப்பதில்லை என்றாலும், மெதுவாக ஓடும் சாதாரண மோட்டார் புலத்தைவிட இன்னும் அதிகமாகப் பின்தங்கி, ரோட்டாரில் சூட்டைக் கூட்டிக்கொள்கிறது. மும்மடி விதியின் பலனை ஏறக்குறைய முழுதாக வாங்கித் தருவது பி.எல்.டி.சி.தான். குறைந்த வேகத்தில் அது பத்து வாட்டுக்கும் கீழே போய்விடும்.

ஃபேன் அறையைக் குளிர்விக்காது என்பதைப் பலர் நம்ப மாட்டார்கள். சும்மா உட்கார்ந்திருக்கும் மனித உடம்பு 100 வாட் அளவுக்குச் சூட்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கிறது. தோலை ஒட்டி வெதுவெதுப்பான, ஈரமான காற்று ஒரு படலமாகத் தங்கிவிட்டால் வியர்வை உலராது. ஃபேன் அந்தப் படலத்தை அடித்துக்கொண்டு போகிறது, வியர்வை உலர்கிறது, உலரும்போது உடம்பின் சூட்டை எடுத்துக்கொள்கிறது. உடம்பு இருந்தால்தான் இதெல்லாம் நடக்கும். ஆளில்லாத அறையில் ஓடும் 75 வாட் ஃபேன், அந்த அறையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தால் எவ்வளவு சூடு சேருமோ கிட்டத்தட்ட அவ்வளவு சூட்டைச் சேர்க்கிறது. 'ரூம் கொஞ்சம் ஆறட்டும்' என்று ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போகிறவர்கள், ஜன்னல்களை மூடியிருந்தால், அறையைச் சூடாக்கிவிட்டுப் போகிறார்கள்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் போர் முடிந்துவிட்டது. குண்டு பல்பு ஒரு ஹீட்டர். வாங்கிய மின்சாரத்தில் ஐந்து சதவீதம் போலத்தான் வெளிச்சம், மற்றது சூடு. நீல எல்.இ.டி. வந்த பிறகு அதன்மேல் மஞ்சள் ஒளி தரும் பூச்சைப் பூசி வெள்ளை வெளிச்சம் எடுக்க முடிந்தது. நீல எல்.இ.டி.க்காக அகாசாகி, அமானோ, நாகாமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல். 2015 ஜனவரியில் தொடங்கிய மத்திய அரசின் உஜாலா திட்டம் கோடிக்கணக்கான பல்புகளை மொத்தமாக வாங்கியதில், 2014-இல் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை இரண்டே ஆண்டுகளில் 40 ரூபாய்க்குக் கீழே வந்தது. இயற்பியலும் மொத்த வியாபாரமும் இவ்வளவு ஒழுங்காகக் கைகோத்தது அபூர்வம். பி.எல்.டி.சி. ஃபேனுக்கு அது இன்னும் அந்த அளவில் நடக்கவில்லை.

ஏ.சி. வேறு ஜாதி. அது சூட்டை உண்டாக்கும் சாதனமும் இல்லை, குளிரை உண்டாக்கும் சாதனமும் இல்லை. சூட்டை ஓரிடத்திலிருந்து எடுத்து வேறிடத்தில் கொட்டுவது அதன் வேலை. தூக்குவது மலிவு என்று பார்த்தோமே, அது சூட்டைத் தூக்குவதற்கும் பொருந்தும்: ஒரு யூனிட் மின்சாரத்தில் மூன்று, நான்கு யூனிட் சூட்டை வெளியே அனுப்பிவிடலாம்.

எவ்வளவு சூடு என்பதைச் சொல்லும் அலகு கப்பலில் வந்த பனிக்கட்டிக் காலத்தை ஞாபகப்படுத்துவது. சென்னைக் கடற்கரைச் சாலையில் இப்போது விவேகானந்தர் இல்லம் என்று அழைக்கப்படும் கட்டடம், 1842-இல் பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர் கட்டிய ஐஸ் ஹவுஸ். மாசசூசெட்ஸ் ஏரிகளில் பனிக்காலத்தில் அறுத்த ஐஸ் பாளங்களை மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி இங்கே இறக்கினார்கள். பிறகு குளிரூட்டும் எந்திரம் வந்தபோது, அமெரிக்கர்கள் அதன் திறனை ஐஸ் கணக்கிலேயே சொன்னார்கள். 24 மணி நேரத்தில் 2,000 பவுண்டு, அதாவது 907 கிலோ ஐஸ் உருகினால் எவ்வளவு சூட்டை உறிஞ்சுமோ அது ஒரு டன். உங்கள் வீட்டு ஒன்றரை டன் ஏ.சி. ஒரு நாள் முழுக்க முழுத் திறனில் ஓடினால், 1,360 கிலோ ஐஸை அறையில் வைத்து உருகவிட்டதற்குச் சமம். வாட் கணக்கில் 5,300.

அந்த 5,300 வாட் எங்கே போகிறது என்றால், சென்னை, கடலூர், நாகப்பட்டினம் மாதிரிக் கடலோர ஊர்களில் நல்ல பங்கு ஈரத்துக்குப் போகிறது. ஏ.சி.யின் பின்குழாயில் சொட்டும் தண்ணீரை வாளி வைத்துப் பிடித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு லிட்டரும் காற்றில் ஆவியாக இருந்தது. அதைத் தண்ணீராக மாற்ற சுமார் 0.67 யூனிட் சூட்டை ஏ.சி. வெளியே எடுத்தாக வேண்டும். ஜன்னல் இடுக்கு, கதவுக்குக் கீழே உள்ள சந்து வழியாகக் கடல்காற்று உள்ளே வந்துகொண்டே இருந்தால், வங்காள விரிகுடாவை உலர்த்தும் வேலையில் உங்கள் ஏ.சி. இறங்கியிருக்கிறது என்று பொருள். இடுக்கை அடைக்க ஆகும் செலவு மிகக் கொஞ்சம்.

16-இல் வைத்தால் அறை சீக்கிரம் குளிரும் என்பது பரவலான நம்பிக்கை. 24-இல் வைத்தாலும் 16-இல் வைத்தாலும் சூடான அறையில் கம்ப்ரசர் முதலில் முழு வேகத்தில்தான் ஓடும். எப்போது நிதானிக்கும் என்பதில்தான் வித்தியாசம். வெளியே 36 டிகிரி, உள்ளே 18 என்றால் சுவர்கள் வழியாகச் சூட்டை உள்ளே தள்ளும் வித்தியாசம் 18 டிகிரி. 26-இல் வைத்தால் 10 டிகிரி. உள்ளே வரும் சூடு பாதியளவுக்குக் குறைகிறது. சூட்டை எவ்வளவு உயரம் தூக்க வேண்டும் என்பதும் குறைகிறது. அது இரண்டாவது லாபம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து ஏ.சி.கள் முதலில் 24-இல் தொடங்கும்படி அமைக்கப்பட வேண்டும் என்ற விதியும் வந்தது. 26-இல் வைத்து, மேலே 30 வாட் ஃபேனை மெதுவாகச் சுற்றவிடுவதுதான் என் பார்வையில் மிக மலிவான சுகம். ஃபேனை உடம்புக்கும் ஏ.சி.யை அறைக்கும் விட்டுவிடலாம்.

இன்வெர்ட்டர் ஏ.சி. ஏன் குறைவாகச் செலவழிக்கிறது என்பதும் இதே கதைதான். பழைய கம்ப்ரசருக்கு ஓடு, நில் என்று இரண்டே நிலை. இன்வெர்ட்டர் வேகத்தைக் குறைத்துக்கொண்டு தொடர்ந்து ஓடும். மெதுவாக ஓடும்போது, சூட்டைக் கொட்டும் வெளிச் சுருள் அந்த வேலைக்குத் தாராளமாக இருக்கும், கொட்டுவது எளிதாகும். இரவு முழுக்க ஓட்டுகிறவருக்கு இன்வெர்ட்டர் லாபம். மே மாதத்தில் மட்டும் ஒரு மணி நேரம் போட்டு அணைக்கிறவர் கூடுதல் விலையைத் திரும்ப எடுக்க வெகுகாலம் ஆகும். நட்சத்திர லேபிளில் உள்ள ஆண்டுச் செலவு 1,600 மணி நேரத்துக்குக் கணக்கிடப்பட்டது. உங்கள் வீட்டில் எத்தனை மணி நேரம் என்று நீங்களே பார்த்துப் பெருக்கிக்கொள்ளலாம்.

ஏ.சி.யின் எதிரி வாசலில் இல்லை, தலைக்கு மேல் இருக்கிறது. உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஏறக்குறைய 1,000 வாட் விழும். பத்துக்குப் பத்து அறையின் மேல்தளத்தில் 9,000 வாட். ஒன்றரை டன் ஏ.சி. தூக்கக்கூடியதே 5,300 என்பதை நினைத்துப் பாருங்கள். எல்லாம் கீழே இறங்காது என்றாலும், கறுத்துப்போன காங்கிரீட் பெரும்பகுதியை உறிஞ்சிவிடும். அந்தச் சூடு தளத்தைத் துளைத்துக் கீழே வரச் சில மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் வெளியே காற்று ஆறிய பிறகும் இரவு பத்து மணிக்குச் சீலிங் அனலடிக்கிறது. மொட்டை மாடியில் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெயிலில் பெரும்பகுதி வந்த வழியே திரும்பிவிடும். வீட்டில் உள்ள சாதனங்களிலேயே சிறந்தது எது என்று கேட்டால், மேல்மாடிக்காரர்களுக்கு நான் சுண்ணாம்பு வாளியைத்தான் சொல்வேன்.

ஃபிரிட்ஜுக்கு ஒரு மனிதரின் கதையைச் சொல்ல வேண்டும். ஆர்தர் ரோசன்ஃபெல்ட், என்ரிகோ ஃபெர்மியிடம் படித்த துகள் இயற்பியலாளர். 1973 நவம்பர், எண்ணெய் நெருக்கடி. கலிஃபோர்னியாவின் பெர்க்லி ஆய்வகத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு வீட்டுக்குக் கிளம்பியவர், அந்தத் தளத்தில் ஆளில்லாத இருபது அறைகளில் விளக்கு எரிவதைப் பார்த்து அணைக்கப் போனார். சுவிட்சுகளைக் கண்டுபிடிப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. பல அறைகளில் அவை அலமாரிக்கும் சுவரொட்டிக்கும் பின்னால் மறைந்திருந்தன. அங்கிருந்து அவர் துகள்களை விட்டுவிட்டு வீட்டுச் சாதனங்களின் பக்கம் வந்தார். அப்போது அமெரிக்க ஃபிரிட்ஜ் ஒன்று ஆண்டுக்கு 1,800 யூனிட் அளவுக்குத் தின்றுகொண்டிருந்தது. கலிஃபோர்னியாவும் பிறகு அமெரிக்க அரசும் உச்சவரம்பு விதித்தன. இன்று அதைவிடப் பெரிய ஃபிரிட்ஜ் 500 யூனிட் அளவில் ஓடுகிறது, விலையும் ஏறவில்லை. புதிய அறிவியல் எதுவும் தேவைப்படவில்லை. சுவரில் நல்ல ஃபோம், நல்ல ரப்பர், நல்ல கம்ப்ரசர்.

ஏனென்றால் ஃபிரிட்ஜின் பெரிய செலவு கதவைத் திறப்பதில் இல்லை. காற்று எடை குறைந்த பொருள். வெளியே கொட்டிய குளிர்காற்றில் அதிக ஆற்றல் இல்லை. 24 மணி நேரமும் சுவர் வழியாகக் கசியும் சூடுதான் அதைத் தின்கிறது. பின்னால் சுவரோடு ஒட்டி வைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் நிறுத்தி, கதவு ரப்பர் இளகிப்போன ஃபிரிட்ஜை வைத்துக்கொண்டு, பிள்ளை கதவைத் திறந்து நின்று யோசிப்பதற்காகத் திட்டுவது நியாயமில்லை. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள்; வழுக்கிக்கொண்டு வந்தால் ரப்பரை மாற்ற வேண்டும்.

வாங்கும்போது நட்சத்திரத்தை மட்டும் எண்ண வேண்டாம். நட்சத்திரம் அந்த அளவு ஃபிரிட்ஜுகளுக்குள் நடக்கும் ஒப்பீடு. பெரிய ஐந்து நட்சத்திரம் சின்ன மூன்று நட்சத்திரத்தைவிட அதிகமாகத் தின்னலாம். அளவுகோலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்படுகிறது. கடையில் தேங்கிக் கிடந்த பழைய ஐந்து, இன்றைய நான்காகவோ மூன்றாகவோ இருக்கலாம். லேபிளில் ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் இருக்கும். அதுதான் பேசும் எண்.

சின்ன விஷயங்களில் நாம் அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுவதில்லை. செல்போன் சார்ஜரைப் பிளக்கிலிருந்து எடுக்காவிட்டால் வீடே திவாலாகும் என்பது போல அறிவுரை வரும். போன் இல்லாமல் தொங்கும் நல்ல சார்ஜர் ஆண்டு முழுக்கத் தின்பது ஒரு யூனிட் அளவில்தான். தினமும் ஒரு தடவை போனை முழுதாகச் சார்ஜ் செய்தாலும் ஆண்டுக்குப் பத்து யூனிட்டைத் தாண்டாது. அதே வீட்டில் டி.வி.யை ரிமோட்டில் அணைத்துவிட்டு, செட்டாப் பாக்ஸை அப்படியே விட்டிருப்பார்கள். பத்து வாட் வாங்கும் பெட்டி என்றால் இரண்டு மாதத்தில் 14 யூனிட், யாரும் பார்க்காத படத்துக்கு.

ஊகத்தை விட்டு அளந்து பார்க்க வேண்டும் என்றால் கருவி ஏற்கெனவே உங்கள் வாசலில் இருக்கிறது. மின்னணு மீட்டரின் முகப்பில் ஒரு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மின்னும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று, 3200 என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். 3200 என்றால் ஒரு மின்னலுக்கு 1,125 ஜூல். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு ஃபேனை ஓட விடுங்கள். இரண்டு மின்னலுக்கு இடையே எத்தனை நொடி என்று போனில் பார்த்து, 1,125-ஐ அதால் வகுங்கள். 1600 என்றால் 2,250-ஐ வகுக்க வேண்டும். வருவது வாட். 3200 மீட்டரில் 15 நொடி என்றால் 75 வாட், பழைய ஃபேன். 37 நொடி என்றால் 30 வாட். பிறகு அந்த ஃபேனையும் அணைத்துவிட்டு நில்லுங்கள். சுவிட்சுகள் எல்லாம் அணைந்திருந்தும் விளக்கு மின்னினால், வீட்டில் ஏதோ ஒன்று இன்னும் தின்றுகொண்டிருக்கிறது. அது எது என்று ஒவ்வொரு பிளக்காகப் பிடுங்கிக் கண்டுபிடியுங்கள். எதுவும் மாட்டவில்லை என்றால் ஒயரிங்கில் கசிவு இருக்கலாம், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.